சத்தமாக வாசிக்க வேண்டாம்

சித்தூர்
7-10-1957

சகோதரி அழகுத்தாய் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகள் சுருளியம்மாள் தங்கிப் படிக்கும், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் பெண்கள் ஹாஸ்டலுக்கு நான்தான் பொறுப்பு டீச்சர். பெயர் நபீஸா. அவள் வகுப்புக்குத் தமிழும் எடுக்கிறேன்.

சென்ற வருடம் என்னைத் திருச்சூரில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு வீட்டுக் கவலை, படிப்புக் கவலை என்று எத்தனையோ இருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கென்றே பள்ளியில் ஓர் ஆசிரியை வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சி. திரும்பி வந்ததும் சாமான் அறைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு எனக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். நாலரை மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம். பிள்ளைகள் அதற்கு 'அழுகை ரூம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். அழுவதற்காவது வருகிறார்களே!

வியாழக்கிழமை சுருளி அங்கே வந்தாள். உட்கார்ந்ததும், "டீச்சர், எங்கம்மா சாகல" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் உங்கள் மகள் இங்கே சேர்ந்த சில மாதங்களிலேயே, தனக்கு அம்மா இல்லை, இறந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். எஸ்டேட்டிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் உங்கள் வீட்டுக்காரர் பெரியமுத்து பெயரில்தான் வரும். 'வீட்டில் யாவரும் சுகம்' என்று ஒரே வரி இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் பெருமாட்டியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்து, மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டுப் போவார்கள். தாய் இல்லாத பிள்ளை என்று சுருளிக்கு நான் வாரிவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக, ஒரு வாரம் தவறாமல்.

கூடையோடு சரிவில் விழுந்து உங்களுக்கு முழங்கால் அடிபட்டதாகப் போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்ததாம், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தான் வாய்விட்டுச் சொன்னது பலித்துவிடும் என்று பயப்படுகிறாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள். இங்கே வரும் தாய்மார் வெளுத்த சேலையும் நகையுமாக வருகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் தாயைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த அறையில் சொல்வது வெளியே போகாது என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் பெற்றவளிடம் எப்படி மறைப்பது? கோபப்படாதீர்கள். உங்கள் பெயரிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நபீஸா


சின்னக்கானல்
25-10-1957

ஹாஸ்டல் டீச்சர் நபீஸா அவர்கள் சமூகத்துக்கு, பெரியமுத்து சம்சாரம் அழகுத்தாய் சொல்ல, எஸ்டேட் கணக்கப்பிள்ளை சங்கையா எழுதியது. க்ஷேமம்.

தாங்கள் எழுதிய 7ஆம் தேதிக் கடிதம் 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை கிடைத்தது. எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் போலவே, மேற்படி கடிதமும் அன்று பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்குமுன், அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கப்பட்டு அழகுத்தாய்க்கு விளங்கச் செய்யப்பட்டது.

19ஆம் தேதி பெரியமுத்து நேரில் வந்து மகளை அழைத்துச் சென்றது தாங்கள் அறிந்ததே. மேற்படி சுருளியம்மாளை மேற்கொண்டு படிக்க அனுப்பும் உத்தேசம் இல்லை. அவள் பெயர் வருகிற ஜனவரி முதல் தேதி எஸ்டேட் ஆள் பதிவேட்டில், அதாவது செக்ரோலில், பதியப்படும். ஆகையால் பள்ளிப் பதிவிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளவும்.

அழகுத்தாய் இன்னும் சில வார்த்தைகளும் சொன்னாள். அவை எழுதத்தக்கவை அல்லாதபடியால் எழுதவில்லை.

இப்படிக்கு,
அழகுத்தாய்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


சித்தூர்
4-11-1957

சகோதரி அழகுத்தாய் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் எஸ்டேட் பள்ளி வாத்தியார் மரியஜோசப் பெயருக்கு அனுப்புகிறேன். சுருளியை இங்கே சேர்த்துவிட்டவர் அவர்தான். உறையைப் பிரிக்காமல் உங்கள் கையில் கொடுப்பார். தயவுசெய்து இதைச் சங்கையாவிடம் கொடுக்க வேண்டாம். சுருளியே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

அல்லாஹ்வே! பெரட்டுக் களத்தில் வாசித்தார்கள் என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கடிதம் என்றால் உறைக்குள் இருப்பது, பெயர் எழுதியிருப்பவர் மட்டும் பிரிப்பது என்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் வீடு பாலக்காட்டுக் கடைத்தெருவில் இருக்கிறது. சுற்றிலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். வாசிக்கத் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எப்படிப் போய்ச் சேரும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஆசிரியை என்று பெயர்.

உங்கள் வீட்டுக்காரர் வந்த அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "பிள்ளையை அனுப்புங்கம்மா" என்று மட்டும் சொன்னார். சுருளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே போய்ப் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்து, "ரூம்ல சொன்னது ரூம்லயே இருக்கும்னீங்களே டீச்சர்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சியில் எழுதிய நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியே அதுதான்: பிள்ளை சொன்னதைப் பிள்ளையைக் கேட்காமல் வெளியே சொல்லக் கூடாது. என் கையெழுத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை வாசிக்கிறவளிடமும் கேட்கிறேன். தலைமையாசிரியையிடம் பேசி, டிசம்பர் கடைசி நாள் வரைக்கும் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. என் தப்புக்காக அவள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

நபீஸா


சின்னக்கானல்
17-11-1957

டீச்சரம்மாவுக்கு அழகுத்தாய் சொல்லுதது. எழுதுறது சுருளி. நான் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதணும், சங்கையா மாதிரி அழகு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் உக்கார வச்சிருக்கேன். இல்லைன்னா கரண்டி பறக்கும்.

உங்க கடுதாசியை இவதான் வாசிச்சா. ரூம்ல சொன்னதுன்னு வார எடத்துல நின்னுட்டா. வாசிட்டின்னேன். வாசிச்சா.

மன்னிப்பு கேக்கீக. சரி. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கேளுங்க.

காலையில மழைத் தூத்தல். கூடையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எல்லாரும் களத்துல நிக்கோம். அழகுத்தாய்க்குக் கடுதாசின்னு சங்கையா கூப்பிட்டாரு. எம் பேருக்கு வந்த முத கடுதாசி டீச்சர் அது. என் ஆயுசுலயே முத கடுதாசி. எனக்கு ஒரே பெருமை. நொண்டிக்கிட்டே முன்னால போயி நின்னு, "சத்தமா வாசிங்கய்யா, எல்லாரும் கேக்கட்டும்"னு நானே சொன்னேன். என் வாயாலயே சொன்னேன்.

அம்மா இறந்துட்டான்னு சொல்லியிருக்கான்னு வார எடத்துல, சங்கையா கண்ணாடியைக் கழத்தித் தொடச்சிட்டு, சரியாத்தான் வாசிக்கமான்னு திரும்ப அதையே ஒரு தரம் வாசிச்சாரு. அப்புறம் பின்னால ஒருத்தி, "செத்தவளா இம்புட்டுக் கொழுந்து பறிக்கா?"ன்னா. களம் பூராவும் சிரிச்சுச்சு. கங்காணியும் சிரிச்சாரு. அன்னையிலேருந்து எனக்கு அதான் பேரு. தண்ணிக் குழாய்க்குப் போனா, "செத்தவ வாரா, வழி விடுங்கடி"ங்காளுக. கொழுந்து நிறுக்கப் போனா, "செத்தவ கூடையை முதல்ல எடுங்க"ங்காளுக. ஒரு மாசமா யாரு கூடயும் பேச்சில்ல. தேயிலைக்குள்ள தனியா ஒரு வரிசை வாங்கிக்கிட்டு நிக்கேன். மூடு மஞ்சு எறங்கிட்டா பக்கத்துச் செடிகூடத் தெரியாது. அதுவே நல்லதுன்னு இருக்கு.

பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் லீவுக்கு வந்து என் பக்கத்துலதான படுத்து எந்திரிச்சா? என்னைக் கொன்னு போட்டுட்டு வந்திருக்கோம்னு ஒரு வார்த்தை சொன்னாளா?

நீங்க எழுதியிருந்தீக, என்னைச் சொல்லிக்கிட இவளுக்கு வெக்கம்னு. அது நெசமான்னு இவகிட்ட எத்தனையோ தரம் கேட்டுட்டேன். ஏன் சொன்னே, ஏன் சொன்னேன்னு கேக்கேன். கல்லு மாதிரி இருக்கா. இந்தா, இப்ப இதை எழுதும்போதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கா. ஒரு சொட்டு விழுந்து மை கலைஞ்சிருச்சு. கலையட்டும்.

ஜனவரியில பேரு பதிஞ்சு கூடையைத் தூக்கட்டும். அம்மா செய்யுற வேலை எதுன்னு இவளுக்கும் தெரியட்டும்.

நீங்க உங்க சோலியைப் பாருங்க.

அழகுத்தாய்


சித்தூர்
24-11-1957

சகோதரி அழகுத்தாய்,

சங்கையா எழுத்தில் உங்களைப் பார்க்க முடியவில்லை. இந்தக் கடிதத்தில்தான் உங்கள் குரலைக் கேட்டேன். திட்டுகிற குரலாக இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. இந்த ஹாஸ்டலில் என்னை யாரும் திட்டுவதில்லை. டீச்சர், டீச்சர் என்பார்கள், சாப்பாட்டு மணி அடித்ததும் போய்விடுவார்கள்.

ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இனி உங்களுக்கு எழுதுவது சரியில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் கோயம்புத்தூரில் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தேன். அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. உடனே பஸ் ஏறினேன். வாளையாரில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன, பஸ் அசையவில்லை. மூன்று மணி நேரம் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கத்தில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது அடக்கம் முடிந்து, பாயைக்கூடச் சுருட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் அப்துல் ஷுக்கூர் துணிக்கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்குப் போவேன். பிரியாணி போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த வீட்டில் எனக்கென்று வேறு ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் சுருளி தனக்கு அம்மா இல்லை என்றாள். எத்தனையோ பிள்ளைகள் இங்கே இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் அறை வாசலில் சீப்போடு வந்து நிற்பவள் அவள் ஒருத்திதான். வாரம் முழுவதும் நான் அந்தப் பத்து மணிக்காகக் காத்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அவளுக்குத் தாய் இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதனால்தான் "எங்கம்மா சாகல" என்று அவள் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபம். அந்தக் கோபத்தோடுதான் உங்களுக்கு எழுதினேன். பெற்றவளிடம் எப்படி மறைப்பது என்று எழுதியதெல்லாம் வெறும் பூச்சு. வெட்கப்பட்டுச் சொல்லியிருப்பாள் என்பதும் அவள் சொன்னதல்ல. அந்த வார்த்தை முழுக்க முழுக்க என்னுடையது. ஒரு மாதமாக நீங்கள் அதை வைத்துக்கொண்டு வேகிறீர்கள்.

இப்போது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நல்லது. அவளுக்குத் தெரிய வேண்டியதுதான்.

ஒன்றே ஒன்று. ஏன் சொன்னே என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், நான்தான் மறந்தேன். அந்த வார்த்தையை முதன்முதல் சொன்ன நாளில் என்ன நடந்தது என்று கேளுங்கள். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். பிறகு நடுவில் பேசாமல் இருங்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிகிறது.

நபீஸா


சின்னக்கானல்
8-12-1957

டீச்சர்,

நடுவுல பேசக் கூடாதுன்னு எழுதிட்டீக. எனக்கு அது எம்புட்டுப் பாடுன்னு உங்களுக்குத் தெரியாது. சேலைத் தலைப்பை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

ஞாயித்துக்கிழமையாம். புளிய மரத்தடியில பிள்ளைக வரிசையா உக்காந்திருக்குமாம், ஒவ்வொருத்திக்குப் பின்னாலயும் அவ அம்மா. இவ மட்டும் கடைசியில சீப்பைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உங்கம்மா எப்ப வரும்னு கேக்குதுக. அடுத்த வாரம்னு சொல்லுதா. அடுத்த வாரமும் கேக்குதுக. அடுத்த வாரம்ங்கா. ஆடி போச்சு, ஆவணி போச்சு. ஒரு நாளு சமையல்காரம்மா கமலாத்தாள் அரிசி பொடைச்சுக்கிட்டே எல்லாரும் கேக்கும்படியா, "ஏங்கண்ணு, உங்கம்மா உன்னைய மறந்தே போட்டாங்களா?"ன்னு கேட்டுச்சாம். அந்தம்மா பாவம் பரிதாபப்பட்டுத்தான் கேட்டிருக்கு. எல்லாப் பிள்ளைகளும் இவ மூஞ்சியைப் பாத்துச்சாம். அப்பத்தான் இவ, "செத்துப் போச்சு"ன்னுட்டா.

மறந்துட்டான்னு சொல்லுறதுக்குச் செத்துட்டான்னு சொல்லுறது தேவலைன்னு தோணுச்சாம் டீச்சர். செத்தவ வராம இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல.

இதைக் கேட்டுட்டு நான் அழுதேன். இவளும் அழுதா. இவ அப்பா வெளியிலேருந்து எட்டிப் பாத்துட்டு, எதுக்கு வம்புன்னு அப்படியே போயிட்டாரு.

இப்ப நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க மட்டுந்தான் மறைச்சீகளா? இங்கேருந்து போடிக்கு எறங்கி, திண்டுக்கல்லு போயி, பொள்ளாச்சி வழியா அங்க வந்துசேர ரெண்டு நாளு. திரும்ப ரெண்டு நாளு. ஒரு ஞாயித்துக்கிழமை லீவுல அது ஆகாது. நெசந்தான். ஆனா போன பொங்கலுக்கு நாலு நாளு லீவு குடுத்தாங்க. இவ அப்பா கூப்பிட்டாரு. நான்தான் போகல. எங் கை பூராவும் தேயிலைக் கறை. நகத்துக்கு உள்ள கருப்பா நிக்கும், புளி போட்டுத் தேச்சாலும் போகாது. இந்தக் கையோட போயி அந்தப் பிள்ளைக முன்னால நின்னா எம் மகளுக்குக் கொறைச்சல்னு நெனைச்சேன். அப்ப வெக்கப்பட்டது யாரு? நான்தான. நீங்க இவ மேல போட்டீக, நானும் நம்பிட்டேன். இவ என்னை எதிர்பாத்து உக்காந்திருந்திருக்கா.

உங்க அம்மா விசயத்தை இவளை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எம் மகளுக்கு ஒரு வருசமா எண்ணெய் தேச்சுவிட்டிருக்கீக. ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. உங்களுக்கு யாரு டீச்சர் தலை வாருறது?

படிக்கப் போறியான்னு இவகிட்ட கேட்டேன். போகணும்னு ஆசைதான், ஆனா மாட்டேன்ங்கா. போனா, செத்த அம்மா எப்படி எந்திரிச்சு வந்துச்சுன்னு எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும்ல. அம்மா இருக்குன்னு எந்த வாயால சொல்லுவேன்ங்கா. சங்கையாவும் பேனாவும் கையுமா நிக்காரு, ஜனவரி முதத் தேதிக்கு ஆளு வேணும்னு. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.

அழகுத்தாய்


சித்தூர்
16-12-1957

அழகுத்தாய்,

சகோதரி என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். பெயர் சொல்லி எழுதினால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

வழி கேட்கிறீர்கள். என்னிடம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டி வைத்து நானே சொல்லிவிடலாம். அது எனக்குச் சுலபம். ஆனால் சுருளி விஷயத்தை அவளைக் கேட்காமல் ஒரு தடவை வெளியே சொல்லிவிட்டு நான் பட்டது போதும். சொல்வதா வேண்டாமா, யார் சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாலும் நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே.

உங்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. அழுகை ரூமுக்கு இப்போது யாரும் வருவதில்லை. சுருளியின் அப்பா வந்து நின்ற அன்றைக்கே, டீச்சர் வெளியே சொல்லிவிட்டார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னேன் என்று தெரியாது. சொன்னேன் என்று தெரியும். நாலரை மணிக்குப் போய் அறையைத் திறந்து வைக்கிறேன். ஆறு மணிக்குப் பூட்டுகிறேன். எதிர் நாற்காலியில் தூசி படிந்திருந்தது, நேற்று துடைத்தேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

தலை வாருவது யார் என்று கேட்டீர்கள். நானேதான். பின்பக்கம் சிக்கு விழுந்தால் கத்தரித்து எறிந்துவிடுவேன். எப்போதும் முக்காடுதான். உள்ளே எப்படி இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

கிறிஸ்துமஸ் லீவுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். கமலாத்தாளும் போகிறாள். நான் இங்கேதான் இருப்பேன். 30ஆம் தேதி திங்கட்கிழமை காலையிலிருந்து பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் பதில் எழுதினால் அதற்குள் வந்து சேராது, அதனால் எழுத வேண்டாம். அவள் வந்தாலும் நிற்பேன், வராவிட்டாலும் கடைசி பஸ் வரைக்கும் நிற்பேன். மறுநாளோடு பெயர் அடித்துவிடுவார்கள்.

நபீஸா


சின்னக்கானல்
2-1-1958

டீச்சர் நபீஸாவுக்கும், ஹாஸ்டல் பிள்ளைக எல்லாருக்கும், அவுக அம்மாமாருக்கும் அழகுத்தாய் சொல்லுதது. எழுதுறது கணக்கப்பிள்ளை சங்கையா. எழுத எங்கிட்ட இருந்த ஆளைத்தான் உங்ககிட்ட அனுப்பிட்டேனே. அதனால அந்தப் பெரட்டுக் களத்துலயே, எல்லாரும் நிக்கும்போதே நின்னு சொல்லுதேன். சொல்லுறதை அப்படியே எழுதணும்னு சங்கையாகிட்ட கண்டிசனாச் சொல்லியாச்சு.

இந்தக் கடுதாசி கெடைச்சதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, புளிய மரத்தடியில எல்லாரும் உக்காந்திருக்கும்போது, சத்தமா வாசிங்க. சுருளிகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். பஸ் ஏறுறதுக்கு முன்னால அவளே சொன்னா: "நீயே சொல்லும்மா, டீச்சர் வாசிக்கும்போது நான் பக்கத்துல நிக்கேன்"னு.

பிள்ளைகளா, நான்தான் சுருளியம்மாளோட அம்மா. உயிரோடதான் இருக்கேன். சரிவுல விழுந்து முழங்கால்ல அடி, இன்னும் கொஞ்சம் நொண்டுவேன். மத்தபடி ஒண்ணும் இல்ல. தெனமும் கொழுந்து பறிக்கேன். எங் கை கறுத்துக் கெடக்கும், அது தேயிலைக் கறை. நான் செத்துட்டேன்னு அவ சொன்னது பொய்தான். ஆனா நான் ஒரு வருசமா ஒரு தரம்கூட வரலைங்கிறது நெசம். நான் வந்திருந்தா அவ அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டா. கமலாத்தாள் அம்மா, நான் எம் மகளை மறக்கல. ஒரு நாளும் மறக்கல.

சிரிக்கிறவங்க இன்னைக்கே நல்லாச் சிரிச்சு முடிச்சிருங்க. இங்க ரெண்டரை மாசம் சிரிச்சாங்க, இப்ப அவுகளுக்கே அலுத்துப் போச்சு. நேத்து சங்கையா செக்ரோலைப் பிரிச்சு, "மகள் பேரைச் சொல்லு"ன்னாரு. "அவ பேரு வேற புஸ்தகத்துல இருக்குய்யா, இதுல எழுத முடியாது"ன்னேன். அப்ப களத்துல நின்ன ஒருத்தியும் சிரிக்கல.

பொங்கலுக்கு லீவு கேட்டு வாங்கிட்டேன். பத்தொம்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை வாரேன். சுருளி, சீப்பை எடுத்து வச்சிரு.

சத்தமா வாசிக்கிறதை இத்தோட நிறுத்திருங்க. இனிமே வாரது டீச்சருக்கு மட்டும்.

டீச்சர், மத்தவளுகளைத் தள்ளிப் போகச் சொல்லிட்டேன். சங்கையா எழுதித்தான் ஆகணும். ஆனா வாய்க்குள்ளயே வச்சுக்கிடுவேன்னு அவரு பெத்த தாய் மேல சத்தியம் பண்ணியிருக்காரு. மீறினாருன்னா இருக்கு.

சுருளி அப்பா நேத்துப் பொழுது சாயத்தான் வந்துசேந்தாரு. பொள்ளாச்சியில இவுக பஸ் போயி நிக்க மணி நாலு ஆயிருச்சாமே. காலையிலேருந்து நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீகன்னு டீக்கடைக்காரரு சொன்னாராம். சுருளியைப் பாத்ததும் அவ பெட்டியை வாங்கிக்கிட்டீகளாம். இந்தத் தரம் நீங்க குடுத்த தண்ணியை வாங்கிக் குடிச்சேன்னு சொன்னாரு. அவரு அப்படியெல்லாம் வெளிய சொல்லுற ஆளு இல்ல.

அந்த ரூமைத் தெறந்தே வைங்க. பிள்ளைக வரும். கொஞ்ச நாளாகும், ஆனா வரும்.

அப்புறம் ஒண்ணு. சுருளிக்கு வாரி முடிச்சதும் உங்களுக்கு. முக்காட்டுக்குள்ள யாரு பாக்கப் போறான்னு எழுதியிருந்தீக. நான் பாக்கேன். மாட்டேன்னு சொல்லப்பிடாது. சிக்கெல்லாம் அப்படியே கெடக்கட்டும், கத்தரியைத் தொட்டுறாதீக. எனக்கு முன்னால வந்து உக்காந்தாப் போதும்.

எண்ணெய் நான் கொண்டாறேன்.

அழகுத்தாய்
(இடது கைப் பெருவிரல் ரேகை)